கசப்பு, உப்பு, சோப்பு வாடை... பால் ஏன் "ஒரு மாதிரி" இருக்கிறது? பழி மட்டும் பால்காரர் தலையில்!

எம். புதுப்பட்டி,

"அண்ணாச்சி, இன்னைக்குப் பால் ஒரு மாதிரியா இருக்கே?"

காலை 6 மணி. சிவகாசிக்கு வேலைக்குப் போகிற கூட்டம் டீக்கடையில் நிற்கிறது. ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாசைக் கீழே வைக்கிறார். பக்கத்தில் நிற்பவரும் முகத்தைச் சுளிக்கிறார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"தண்ணி ஊத்திட்டான்யா!"

"தண்ணியா இருந்தா சப்புன்னுல்ல இருக்கும்? இது கசக்குதே. ஏதோ மருந்து போட்டிருக்கான்."

கடைக்காரர் பால்காரரைக் கைகாட்டுவார். பால்காரர் சொசைட்டியைக் கைகாட்டுவார். பாக்கெட் பால் என்றால் "கம்பெனிக்காரனைக் கேளுங்க" என்பார்கள். கடைசிவரை பால் ஏன் கசந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

எம். புதுப்பட்டியில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. சிவகாசி, திருத்தங்கல், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று எந்த ஊர் டீக்கடையிலும், எந்த வீட்டு அடுப்படியிலும் கேட்கிற புகார்தான்.

பாலில் கலப்படம் நடப்பது உண்மை. ஆனால் ருசி கெட்ட பால் எல்லாம் கலப்படப் பால் இல்லை. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. உடம்புக்கு நிஜமாகவே ஆகாத பால், பல சமயம் நாக்குக்கு நல்ல பாலாகவே தெரியும்!

அமைச்சர் போட்ட குண்டு

பால் பிரச்சினை என்றால் இந்த வட்டாரத்துக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. 2017-ல் தமிழ்நாட்டின் பால்வளத்துறை அமைச்சராக இருந்த கே.டி. ராஜேந்திர பாலாஜி, அப்போது சிவகாசித் தொகுதியின் எம்.எல்.ஏ.

அந்த ஆண்டு மே மாதம் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தனியார் பால் கெடாமல் இருப்பதற்காக ரசாயனம் கலக்கிறார்கள் என்றார். தமிழ்நாடு முழுக்கப் பரபரப்பு. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கலாமா, வேண்டாமா என்று தாய்மார்கள் தவித்தார்கள்.

கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்தன. மூன்று கம்பெனிகள் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. ஆதாரம் இல்லாமல் அந்தக் கம்பெனிகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2017 ஜூலையில் நீதிமன்றம் அமைச்சருக்குத் தடை விதித்தது.

பேச்சு அதோடு ஓய்ந்தது. ஜனங்களின் சந்தேகம் ஓயவில்லை. பால் கெட்டால் "கலப்படம்" என்கிறார்கள். கெடாமல் இருந்தால் "மருந்து போட்டிருக்கான்" என்கிறார்கள். பால் என்னதான் செய்யும்?

நடுவழியில் நடந்த திருட்டு

சந்தேகப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் திண்டிவனம் பக்கம் வெள்ளிமேடுபேட்டை போலீஸ் எல்லையில் ஒரு திருட்டு பிடிபட்டது. சென்னைக்குப் போகிற ஆவின் டேங்கர் லாரியை வழியில் நிறுத்திப் பாலை இறக்கினார்கள். இறக்கிய அளவுக்குத் தண்ணீரை ஊற்றினார்கள். வழக்கு பிறகு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்ணீர் ஊற்றினால் பால் நீர்த்துப் போகும், ருசி மங்கும். ஆனால் நல்ல தண்ணீர் கசக்காது, சோப்பு வாடையும் அடிக்காது. தண்ணீரை மறைக்க வேறு எதையாவது சேர்க்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

லாக்டோமீட்டரில் அளவு குறையாமல் இருக்கச் சர்க்கரை, உப்பு, யூரியா. கெட்டியாகத் தெரிய ஸ்டார்ச். புளித்த பாலின் புளிப்பை மறைக்கச் சோடா உப்பு. திருடனுக்கு வழியா இல்லை? சோடா உப்பு கூடிப்போன பால் நாக்கில் வழவழவென்று சோப்பு மாதிரி ஒட்டும்.

இந்தக் கள்ளத்தனம் எதுவும் இல்லாமலே பால் கசக்கும், கரிக்கும், நாறும். எப்படி என்று மாட்டுத் தொழுவத்தில் இருந்தே பார்க்கலாம்.

மாடு தின்றது பாலில் தெரியும்

கரிசல் காட்டில் மழை விழுந்ததும் களை முளைக்கும். அதில் பார்த்தீனியச் செடியும் இருக்கும். வேறு பச்சை கிடைக்காத மாடு அதையும் மேய்ந்துவிடும். அந்த மாட்டின் பால் கசக்கும். பால்காரர் கை வைக்காத கசப்பு அது.

டவுன் மாடுகளின் கதை வேறு. காய்கறி மார்க்கெட்டில் கொட்டுகிற முட்டைக்கோஸ் இலை, வெங்காயத் தாள், பூண்டுச் சருகு எல்லாம் அவற்றின் வயிற்றுக்குள் போகின்றன. அந்த வாடை ரத்தம் வழியாக மடிக்கு வந்துவிடும். தின்றால்தான் என்று இல்லை. வீச்சம் அடிக்கிற தொழுவத்தில் மாடு மூச்சு விட்டாலே, நுரையீரல் வழியாக அந்த வாடை பாலுக்கு வந்து சேரும்.

இதற்குப் பழைய ஆட்கள் கைக்கொண்ட வழி சுலபமானது. வாடை அடிக்கிற தீவனத்தைக் கறந்த பிறகு போட வேண்டும். அடுத்த கறவைக்குள் வாடை போய்விடும். கறப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் போட்டால், அந்த வாடை நேரே டம்ளருக்கு வந்துவிடும்.

உப்புக் கரித்தால் மடியைப் பார்

பால் லேசாக உப்புக் கரிக்கிறதா? அது பெரும்பாலும் மடிநோயின் அடையாளம். மடியில் வீக்கம் வந்தால் ரத்தத்தில் உள்ள உப்பு பாலில் கசியும். பாலுக்கு இனிப்புத் தருகிற லாக்டோஸ் குறையும். ஒன்று ஏறி, ஒன்று இறங்கினால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

கன்று போட்டு மாதக் கணக்காகி, கறவை வற்றுகிற நேரத்திலும் பால் கொஞ்சம் கரிக்கும். அது நோய் இல்லை.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, டாக்டர் சொல்கிற நாள்வரை விற்கக் கூடாது. மருந்து பாலில் இறங்கும். ஆனால் ஒரு நாள் பாலைக் கீழே ஊற்றினால் அந்த வீட்டில் அன்றைக்குக் காசு இல்லை. அந்த இடத்தில்தான் மனசாட்சி தடுமாறுகிறது. மருந்து இறங்கிய பாலை நாக்கு காட்டிக் கொடுக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புதிதாகக் கன்று போட்ட கலப்பின மாட்டுப் பாலில் சில சமயம் நகப்பாலிஷ் மாதிரி ஒரு வாடை வரும். தீனி பத்தாமல் மாடு தன் உடம்புக் கொழுப்பையே கரைக்கும்போது வருகிற அசிட்டோன் வாடை அது. மாடு "எனக்கு வைத்தியம் பாருங்க" என்று பாலில் சொல்லி அனுப்புகிறது.

கையும் கேனும்

பட்டாசு வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு மாடு, வெளியில் பட்டாசு வேலை என்று குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே உண்டு. அந்த வேலையில் கந்தகமும் அலுமினியத் தூளும் கையில் ஒட்டுகிற சரக்கு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, சேலையோ சட்டையோ மாற்றிய பிறகுதான் மடியைத் தொட வேண்டும். ரசாயனம் வந்த டப்பாவோ கேனோ, எத்தனை தடவை கழுவினாலும் பால் பக்கமே வரக் கூடாது.

பாத்திரத்தின் மேலும் ஒரு கண் வேண்டும். ஈயம் போன பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பாலை வைத்தால் அட்டைப்பெட்டியை நக்கின மாதிரி ஒரு ருசி வரும். செம்பு பட்டதும் பாலின் கொழுப்பு கெடத் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது" என்று கத்திக்கொண்டு வந்தவர், பாலின் ருசியையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். கடை வாசலில் டிரேயில் கிடக்கிற பாக்கெட் மேல் வெயில் அடித்தால், பாலில் உள்ள பி-2 வைட்டமின் வெளிச்சத்தில் மாறி, கருகின வாடை வரும்.

திரியலை, ஆனா கசக்குது!

இல்லத்தரசிகளைக் குழப்புகிற புகார் இதுதான். காய்ச்சினால் பால் திரியவில்லை. ஆனால் காபி கசக்கிறது. "நிச்சயம் மருந்துதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நடப்பது வேறு. கறந்த பால் கிட்டத்தட்ட 38 டிகிரி சூட்டில் இருக்கும். அதைச் சீக்கிரமாக 4 டிகிரிக்கு இறக்கிக் குளிர வைக்க வேண்டும். தாமதமானால் கிருமி பெருகும். சாதாரணக் கிருமி பாலைப் புளிக்க வைக்கும். அப்படிப் புளித்தால் காய்ச்சும்போது திரிந்து மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு ரகம் உண்டு. அது பிரிட்ஜ் குளிரிலும் வளரும். பாலைப் புளிக்க வைக்காது. அது விடுகிற நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். காய்ச்சினால் கிருமி செத்துப் போகும். நொதி சாகாது. ஆகவே திரியாத பாலும் கசக்கும்!

பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிர வைத்து அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் பாஸ்டரைசேஷன். சீக்கிரம் கெடாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம். ஆனால் லாரியில் இருந்து வீட்டு அடுப்படிவரை அந்தக் குளிர் விட்டுப் போகாமல் இருக்க வேண்டும். ராத்திரி கரண்ட் போனாலோ, மிச்சம் பிடிக்கப் பிரிட்ஜை அணைத்து வைத்தாலோ, காலையில் நாக்கு சொல்லிவிடும்.

டீக்கடைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பாக்கெட் பாலையும் கறந்த பச்சைப் பாலையும் ஒரே அண்டாவில் கலந்து வைப்பது. பச்சைப் பாலில் கொழுப்பை உடைக்கிற நொதி உயிரோடு இருக்கும். பல பாக்கெட் பாலில் கொழுப்பை மெஷினில் பொடிப்பொடியாக உடைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே சோப்பு மாதிரி காரல் வாடை வந்துவிடும். இரண்டும் நல்ல பால்தான். தனித்தனியாகக் காய்ச்சிக் கலந்தால் வம்பில்லை.

கலர் மாறினால் ருசி மாறும்

சில சமயம் பாலில் குற்றமே இருக்காது. பாக்கெட் மாறியிருக்கும். சட்டப்படி டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம். நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதம். நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம். 6-ல் பழகின நாக்குக்கு 3 தண்ணீராகத்தான் தெரியும். பால் வரத்துக் குறைகிற கோடையில் பால் பவுடரைக் கரைத்துச் சேர்ப்பதும் உண்டு. அதில் காய்ச்சின வாடை ஒன்று வரும்.

நாக்குக்குத் தெரியாத எமன்

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. சோப்புத்தூள், யூரியா, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற விஷமக் கலப்படம் இருந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 12. அந்த 12-ல் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றுகூடக் கிடையாது.

சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அதே சோதனையில் அப்லடாக்சின் எம்-1 என்ற நச்சு, அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தவை 368 மாதிரிகள். அந்தப் பட்டியலில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு! இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் அளவு மீறியிருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒன்று.

இதை யாரும் பாலில் ஊற்றவில்லை. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இவற்றில் உருவாகிற நச்சு மாட்டு வயிற்றுக்குள் போய், உருமாறிப் பாலில் இறங்குகிறது. நாள்பட்டால் கல்லீரலுக்கு ஆகாது. காய்ச்சினாலும் போகாது. ருசி கிடையாது, வாடை கிடையாது, நிறம் கிடையாது.

பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் இந்த மாவட்டத்து மாட்டுக்காரர்களுக்கு அன்றாடச் சரக்கு. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கினால் போதும், பாதி வேலை முடிந்தது. "பூத்துப் போச்சு, மனுசனுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு" என்பதுதான் வினை. மாட்டுக்குப் போட்டது மறுநாளே மனுசனுக்குத் திரும்பி வருகிறது. பூசணத் தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பாலும் சுத்தமாகிவிடும்.

வெளிநாட்டு உதாரணமும் உண்டு. 2008-ல் சீனாவில் பாலில் தண்ணீர் ஊற்றியவர்கள், புரதச் சோதனையை ஏமாற்ற மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். ஆறு குழந்தைகள் செத்துப் போயின. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அந்தப் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கு நாக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலில் இருக்கிறது. தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கலப்பட உணவால் உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். பால் கலப்படத்தை ஒடுக்கச் சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமும் 2016 ஆகஸ்டில் சொன்னது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, பால் வாங்கிய சாதாரண ஆளும் கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பாலைச் சோதிக்கக் கொடுக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் இருக்கிறார். அவரிடமும் புகார் கொடுக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

சின்னச் சோதனைகள் வீட்டிலேயே செய்யலாம். சாய்வான வழவழப்பான தட்டில் ஒரு சொட்டுப் பால் விட வேண்டும். நல்ல பால் மெல்ல இறங்கி வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்தது தடம் இல்லாமல் சட்டென்று ஓடிவிடும்.

பாலைக் காய்ச்சி ஆற வைத்து, டிங்சர் அயோடின் இரண்டு மூன்று சொட்டு விட்டால், ஸ்டார்ச் இருந்தால் நீலமாக மாறும். பாலும் தண்ணீரும் சம அளவு எடுத்துப் பாட்டிலில் குலுக்கினால், சோப்புத்தூள் இருந்தால் நுரை கெட்டியாக நிற்கும். சுத்தமான பாலில் லேசான நுரைதான் வரும்.

அப்லடாக்சினுக்கும் ஊசி மருந்துக்கும் வீட்டுச் சோதனை கிடையாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

யார் என்ன செய்யணும்?

சொசைட்டியில் கொழுப்பும் இதரச் சத்தும் அளந்து காசு கொடுக்கிறார்கள். கேனைத் திறந்ததும் முகர்ந்து பார்க்கிற பழக்கமும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கேன் கெட்ட பால் ஒரு தொட்டியையே கெடுக்கும். கிராமத்துக்குப் பக்கத்திலேயே குளிர்விக்கும் தொட்டி இருந்தால் பாதிப் புகார் குறையும். தீவனத்தையும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பால் சோதனையின் முடிவை ஊர்வாரியாக, ஜனங்கள் படிக்கிற மாதிரி போர்டில் ஒட்ட வேண்டும். முடிவு தெரியாதவரை டீக்கடைப் பேச்சுத்தான் தீர்ப்பாக இருக்கும். இரண்டு மாடு வைத்துக் கஞ்சி குடிக்கிற ஆளின் பேரும் அதில் கெட்டுப் போகும், நிஜத் திருடன் டேங்கரோடு தப்பித்தும் போவான்.

இந்த வட்டாரத்துக்குப் பால் ஒன்றும் சாதாரணச் சரக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கோவா கிண்டுகிறவரிடம் கெட்ட பால் செல்லாது. புளித்த பால் சட்டியில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே திரிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே அவர் வாங்கும்போதே துருவித் துருவிக் கேட்பார்.

அதே மாதிரி வீட்டிலும் கேட்கலாம். நாளைக் காலையில் பால் ஒரு மாதிரி இருந்தால், "தண்ணி ஊத்துனியா?" என்று சண்டைக்குப் போக வேண்டாம். "எத்தனை மணிக்குக் கறந்தது? எதுல வச்சிருந்தீங்க? மாட்டுக்கு என்ன தீவனம் போட்டீங்க?" இந்த மூன்று கேள்வி போதும். நேர்மையான பால்காரர் நின்று பதில் சொல்வார். பதில் சொல்லாமல் நழுவுகிறவரிடம் மறுநாள் சொம்பை நீட்ட வேண்டியதில்லை.